கடல் அடைபட்ட காலத்தில் நிவாரணம் எடுப்பது எப்படி: ஒரு பழைய சங்கச் செயலாளரின் குறிப்பு

2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் குப்புறக் கிடந்தபோது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளராக வந்த பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, சண்டைக் காலத்தில் ஒன்றுமே இல்லாமல் எப்படி நிவாரணம் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அலுமாரிக்கு மேல் கிடந்த பிஸ்கட் ரின்னை இறக்கி, உள்ளே இருந்த நான்கு சி.ஆர். கொப்பிகளையும் (தடித்த அட்டை போட்ட பதிவுக் கொப்பி) மேசையில் வைத்தேன். அன்று பின்னேரம் முழுவதும் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சங்கம் யாழ்ப்பாணப் பரவைக்கடல் கரையில் உள்ள சின்னச் சங்கம். இடுப்பளவு தண்ணீரில் நண்டு, இறால், ஓரா, திரளி என்று பிழைக்கிற ஊர். 1988 முதல் 2004 வரை நான் செயலாளர். 1983 க்கு முன்னர் இலங்கையின் கடல்மீனில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்தில் இருந்துதான் போனது. காரைநகரில் சீநோர் நிறுவனம் வள்ளம் கட்டியது, குருநகரில் வலை பின்னியது. அப்படி இருந்த கரையை எண்பதுகளின் நடுவில் இருந்து பாதுகாப்பு வலயம், இயந்திரக் குதிரைவலுக் கட்டுப்பாடு, இரவுத் தடை, பாஸ் என்று ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஒரு விசித்திரமான நிலை. யாழ்ப்பாணம் அரசின் கையில் இல்லை, புலிகளின் கையில். ஆனால் கச்சேரி (அரசாங்க அதிபரின் மாவட்ட அலுவலகம்) நடந்தது, அரச ஊழியருக்குச் சம்பளம் வந்தது, இடம்பெயர்ந்தவருக்கு உலர் உணவும் வந்தது. அதே அரசுதான் எரிபொருள், பற்றரி, உரம், இயந்திர உதிரிப்பாகம் என்று ஒரு நீளப் பட்டியல் போட்டு வடக்கே போகாமல் மறித்தது. அரிசி அனுப்பியதும் எண்ணெயை மறித்ததும் ஒரே கொழும்புதான். 1996 இல் ஆமி வந்த பிறகு இது வேறு விதமாகத் தொடர்ந்தது. கச்சேரி ஒன்று சொல்லும், கரையில் காவல் நிற்கிற ஆமிச் சென்ரி வேறொன்று சொல்லும்.

அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அரிசிக்கு ஒரு கதவு, கடலுக்கு வேறொரு கதவு என்பது. அரிசி, கூப்பன், மீள்குடியேற்றக் கொடுப்பனவு எல்லாம் விதானையார் (கிராம அலுவலர்), உதவி அரசாங்க அதிபர், அரசாங்க அதிபர் என்ற வழியில் வரும். வலை, வள்ளம், இயந்திரம் என்றால் கடற்றொழில் பரிசோதகர் ஊடாகத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கடலில் இறங்கும் அனுமதி படையினரின் கையில். ஒரே கடிதத்தில் மூன்றையும் கேட்டால் மூன்று இடமும் "இது எங்களுடையது அல்ல" என்று சொல்லிவிடும். நாங்கள் அப்படி ஒரு கடிதம் எழுதி நான்கு மாதம் காத்திருந்தோம். பிறகுதான் மூன்று கடிதம், மூன்று பிரதி, மூன்று திகதி என்று பழகினோம். ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற இரண்டின் பிரதி யாருக்குப் போனது என்று எழுத வேண்டும். ஒரு அலுவலர் இன்னொருவர் பெயரைக் கண்டால்தான் கோவையைத் திறப்பார்.

அரசாங்கத்துக்கும் கடலுக்கும் போர்க்காலத்தில்தான் அவசரமாகச் சம்பந்தம் வரும் என்பது பழைய கதை. இலங்கையின் பழைய மீன்பிடிச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கமாக வந்தது. திணைக்களமே 1941 இல், இரண்டாம் உலகப்போரின் நடுவில் பிறந்தது. எங்கள் போரில் அந்த அவசரத்தைக் காணவில்லை. கடற்றொழிலாளர் ஓய்வூதியச் சட்டம் 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கமாக வந்தபோது, எங்கள் ஆட்கள் கரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர்ப் பட்டியல்

நிவாரணம் பசியைப் பார்த்து வருவதில்லை, பட்டியலைப் பார்த்து வரும். இதை நான் பக்கத்து ஊரில் கண்டு படித்தேன். 1991 இல் ஒரு அலுவலர் சைக்கிளில் வந்து, "உங்கள் சங்கத்தில் எத்தனை தொழிலாளர்?" என்று கேட்டார். பக்கத்துச் சங்கத் தலைவர் "ஒரு முன்னூறு பேர் இருப்பார்கள்" என்றார். நான் கொப்பியைக் கொடுத்தேன். எங்களுக்கு நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு வந்தது. அவர்களுக்கு மறுமாதம்தான், அதுவும் குறைத்து.

அந்தக் கொப்பியில் என்ன இருந்தது? முதலில் வள்ள உரிமையாளர் பட்டியல்: பெயர், அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் நீளம், இயந்திரம் என்றால் வலுவும் தொடர் இலக்கமும், வலை எத்தனை துண்டு. எல்லாச் சங்கமும் இதை எழுதும். நான் பிடிவாதமாக நின்றது அடுத்த இரண்டு பட்டியலுக்கும்.

வள்ளம் இல்லாத தொழிலாளிக்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒருவரின் வள்ளத்தில் பங்குக்கோ கூலிக்கோ போகிறவன் பதிவில் இல்லாவிட்டால், அரசாங்கத்தின் கண்ணில் அவன் கடற்றொழிலாளியே அல்ல. வலை கொடுக்கும்போது உரிமையாளருக்குக் கொடுப்பார்கள், இவனுக்கு ஒன்றும் வராது. எந்த வள்ளத்தில், எந்த ஆண்டிலிருந்து போகிறான் என்று எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். உரிமையாளர்கள் முதலில் மறுப்பார்கள், பின்னால் ஏதும் வில்லங்கம் வரும் என்று பயம். பொதுக்கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கரையில் வேலை செய்கிற பெண்களுக்கும் ஒரு பட்டியல். வலையில் இருந்து நண்டு கழற்றுகிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், கடகத்தில் மீன் விற்கிறவர்கள். சங்கத்தின் விதியில் இவர்கள் அங்கத்தவர் இல்லை. அதனால் நான் "இணை அங்கத்தவர்" என்று ஒரு நிரல் போட்டு ஒரு ரூபா பங்குப்பணம் வாங்கினேன். கூட்டுறவுப் பரிசோதகர் வந்தபோது இது என்ன என்று முகம் சுழித்தார். கருவாட்டுக்கு உப்பு வந்தபோது அந்த நிரல்தான் உதவியது.

இன்னொன்று. எழுதுவது குமிழ்முனைப் பேனாவால் இருக்கட்டும், மைப்பேனா வேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கொப்பிகளை உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினேன். மூன்று கொப்பி நன்றாக இருந்தன. மையால் எழுதிய பழைய கூட்டறிக்கைப் புத்தகம் நீலத் தண்ணீராகிவிட்டது.

கடல் நேரம்: முதலில் கேட்க வேண்டியது இதுதான்

நிவாரணம் என்றதும் எல்லாரும் அரிசியைக் கேட்பார்கள். நான் சொல்வேன், முதலில் நேரத்தைக் கேளுங்கள். மூன்று மணித்தியாலம் கூடுதலாகக் கடலைத் திறந்துவிட்டால், ஒரு மாத அரிசியை நாங்களே உழைத்துக்கொள்வோம்.

1996 இல் நாங்கள் தென்மராட்சியில் இருந்து ஊர் திரும்பிய பிறகு தொழிலுக்கு விட்டார்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பின்னேரம் திரும்ப வேண்டும். அடையாள அட்டையைச் சென்ரியில் கொடுத்து ரோக்கன் வாங்கி, வரும்போது ரோக்கனைக் கொடுத்து அட்டையை எடுக்க வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் நியாயமான நேரம்தானே என்று தோன்றும். பரவைக்கடல் தொழில் தெரிந்தவனுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். நண்டு வலையைப் பொழுது சாயப் படுத்து, விடியமுன் இழுக்க வேண்டும். ஆறு மணிக்கு ரோக்கன் கொடுக்கத் தொடங்கினால் வரிசையில் கடைசி ஆள் இறங்க ஏழரை. வெயில் ஏறிய பிறகு வலையில் கிடக்கிற நண்டு செத்து, காலும் கழன்று, விலை பாதியாகும். இறால் இன்னும் மோசம்.

"எங்களுக்குக் கூடுதல் நேரம் தாருங்கள்" என்று எழுதினால் எந்தத் தளபதியும் தரமாட்டார். நாங்கள் செய்தது இதுதான். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் கடைசி ரோக்கன் கொடுத்த நேரம், கரைக்கு வந்த நண்டின் நிறை, அதில் செத்தது எவ்வளவு என்று எழுதினோம். பிறகு பெருக்கு வற்று நேரத்தைப் பக்கத்தில் போட்டு ஒரு தாளில் அட்டவணை. இரவு அனுமதி கேட்கவில்லை, கேட்டால் மற்றதும் போய்விடும். காலை ஆறை நான்கரை ஆக்கினால் போதும், வள்ள இலக்கம் எல்லாம் தந்திருக்கிறோம், ஒவ்வொரு வள்ளத்திலும் விளக்கு இருக்கும், திரும்பி வராத வள்ளத்தின் விபரத்தைச் சங்கமே பத்து மணிக்குள் அறிவிக்கும் என்று எழுதினோம். கடைசி வரிதான் வேலை செய்தது. அவர்களுக்குப் பயம் யார் போனார், யார் வந்தார் என்பது. அந்தக் கணக்கை நாங்களே தருகிறோம் என்றதும் கதை மாறியது.

கடிதத்தை நான் தனியாகக் கொண்டுபோகவில்லை. பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா, கடற்றொழில் பரிசோதகர், நான் என்று நான்கு பேர் கச்சேரிக் கூட்டத்துக்குப் போனோம். பேசியவர் பரிசோதகர். சங்கக்காரன் பேசினால் முறைப்பாடு, அரச அலுவலர் பேசினால் அறிக்கை. ஐந்து மணி கிடைத்தது, நான்கரை கிடைக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தை இன்றும் நான் பெரிய நிவாரணமாக நினைக்கிறேன்.

எண்ணெய்க் கணக்கு

எரிபொருள் கேட்கும்போது "போதிய அளவு" என்ற சொல்லை எழுதவே கூடாது. வாங்குகிற அலுவலர் தனக்கு மேலே இருப்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கு இப்படி: இயந்திர வள்ளம் 12. ஒரு நாளில் இயந்திரம் உண்மையில் ஓடுவது இரண்டு மணித்தியாலம், மற்ற நேரம் கம்பு ஊன்றித்தான் போவோம். மணிக்கு ஐந்து லீற்றர். மாதத்தில் 22 நாள். ஆக 2,640 லீற்றர். இதற்குக் கீழே இன்னொரு கணக்கும் வைப்போம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் 11 நாளுக்கு 1,320. குறைந்த கணக்கை நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள், அது 500 ஆக இருக்கும். வாடைக்காற்று மாதத்தில் தொழில் நாள் குறையும், அந்த மாதத்துக்கு நீங்களாகவே குறைத்துக் கேளுங்கள். ஒரு தடவை குறைத்துக் கேட்ட சங்கத்தின் கணக்கை அடுத்த தடவை சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்தக் கணக்கில் நான் விட்ட பெரிய பிழையையும் சொல்ல வேண்டும். 1997 என்று நினைக்கிறேன், மண்ணெண்ணெய்க்குக் கடிதம் எழுதி, அலைந்து, ஒருநாள் பரல்கள் வந்து இறங்கின. ஊரே கரைக்கு வந்துவிட்டது. வள்ளத்தில் ஊற்றிக் கயிற்றை இழுக்கிறார்கள், இயந்திரம் இருமுகிறது, பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் பிடித்துச் சூடாக்கித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோல் கேட்க நான் மறந்துவிட்டேன். ஒரு வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு சோடாப் போத்தலில் கால்வாசி போதும், அது இல்லை. எரிபொருளில் கலக்கிற ரூ-ரி ஒயிலும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரரிடம் கெஞ்சிச் சொட்டுச் சொட்டாக வாங்கி ஓடினோம். ஒயில் குறைவாகக் கலந்ததில் இரண்டு இயந்திரத்தின் பிஸ்ரன் இறுகிப்போனது. உதிரிப்பாகம் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. ஆகவே எண்ணெய் கேட்கிற கடிதத்தில் பெற்றோல், ஒயில், பிளக், ஸ்ரார்டர் கயிறு எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

வலை

வலை கேட்பவர்கள் "வலை" என்று மட்டும் எழுதக் கூடாது. கண் எத்தனை அங்குலம், நூலின் தடிப்பு என்ன, எத்தனை கண் ஆழம், ஒரு ஆளுக்கு எத்தனை துண்டு என்று எழுத வேண்டும். எங்களுக்கு ஒருமுறை நல்ல விலை உயர்ந்த வலை வந்தது, ஆழ்கடலுக்கு. இடுப்பளவு தண்ணீரில் அதை விட்டால் சேற்றை வாரும். ஆட்கள் அதை வெட்டிக் கோழிக்கூடு அடைத்தார்கள், தோட்டத்துக்கு வேலி கட்டினார்கள். பிறகு ஒரு அலுவலர் வந்து படம் எடுத்து, கொடுத்த வலையை வேலிக்குப் பாவித்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். பிழையான வலை வந்தால் கையெழுத்துப் போடும் அன்றே "பெற்றுக்கொண்டோம், கண் அளவு பொருந்தவில்லை" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வெறும் வலைத்துணி வந்தால் தொழில் நடக்காது. மேல்கயிறு, கீழ்க்கயிறு, மிதப்பு, ஈயம் வேண்டும். ஈயம் கிடைக்காத காலத்தில் நாங்கள் களிமண்ணை உருட்டித் துளை போட்டுச் சூளையில் சுட்டுக் கட்டினோம். பாரம் போதாது, நீரோட்டம் இழுத்துவிடும். ஆனாலும் அரசாங்கம் ஈயம் தரும்வரை கடல் காத்திருக்குமா?

திரும்பி வராதவர்

இதை எழுதக் கை வரவில்லை, எழுதாமலும் விட முடியாது. கடலுக்குப் போனவர் வராவிட்டால் அன்றே மூன்று இடத்தில் பதிவு வேண்டும்: பொலிஸ், விதானையார், சங்கக் கூட்டறிக்கை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் அலுவலகம் இருந்த காலத்தில் அங்கும். வீட்டுக்காரர் அழுதுகொண்டு இருக்கும்போது இதைச் செய்வது சங்கக்காரனின் வேலை. என்ன உடுத்திருந்தார், எத்தனை மணிக்கு எந்த ரோக்கன், வள்ளத்தில் கூட யார், வள்ள இலக்கம், கடைசியாக எந்த இடத்தில் யார் கண்டது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிய துண்டை வீட்டில் மட்டும் வைக்க வேண்டாம், சங்கத்திலும் ஒரு பிரதி வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் கணவர் 1998 இல் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க அந்தப் பெண் சம்மதிக்கவில்லை, எப்படிச் சம்மதிப்பார்? சான்றிதழ் இல்லாமல் வள்ளத்தின் பதிவை மாற்ற முடியவில்லை, கணவரின் பெயரில் இருந்த சேமிப்பை எடுக்க முடியவில்லை. மரணம் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்று சான்றிதழ் கொடுக்கும் வழி 2016 இல்தான் சட்டமாக வந்தது. அவர் அதற்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி, "அப்போது முறைப்பாடு செய்தீர்களா?" இரண்டாவது சி.ஆர். கொப்பியில் பதினாலாம் பக்கத்தில் இலக்கம் இருந்தது.

இப்போது தேடுகிறவர்களுக்கு

போரில் வள்ளம், வாடி (கரையில் போடுகிற தொழில் கொட்டில்), வலை இழந்து ஒன்றும் எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மயிலிட்டி மக்கள் 1990 இல் விட்டுப்போன துறைமுகத்தை 2017 ஜூலையில்தான் திரும்பக் கண்டார்கள். அத்தனை ஆண்டு இழப்பை எந்தத் தாளில் எழுதுவது? ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது. சொத்திழப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் தொடங்கலாம்.

பழைய பதிவு கையில் இல்லை என்று சோர வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், இதற்கு நல்ல கருவி. சட்டப்படி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கேட்கும்போது "எங்கள் ஊர் விபரம் எல்லாம்" என்று கேட்காதீர்கள். இன்ன ஊர்ச் சங்கத்தின் இன்ன ஆண்டு வள்ளப் பதிவேட்டின் பிரதி என்று ஒரே பொருளைக் கேளுங்கள். ஏடு அழிந்துவிட்டது என்று பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். ஏடு அவர்களிடம் இல்லை என்ற கடிதம் கையில் இருந்தால், சத்தியக் கடதாசியும் சங்கக் கொப்பியும் கொடுக்கும்போது ஏன் மூலப்பிரதி இல்லை என்ற கேள்வி உங்கள் மேல் விழாது.

2022 க்கு வருகிறேன். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 க்குப் போனது. சண்டை இல்லை, சென்ரி இல்லை, எண்ணெயும் இல்லை. பிள்ளை என் கொப்பிகளை ஒரு கிழமை வைத்துப் பார்த்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு, தன் பட்டியலோடு திரும்பி வந்தாள். வள்ள இலக்கம், உரிமையாளர், பங்குக்குப் போகிறவர், கரையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் இருந்தது. மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் பெற்றோலுக்கு ஒரு நிரலும் போட்டிருந்தாள். ரூ-ரி ஒயிலுக்கு நிரல் இல்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.